ஒன்பதாவது வீட்டுத் தொட்டி

மேல்வீட்டில் காற்று மோட்டார்கள் நின்றால் எனக்குத்தான் முதலில் தெரியும். என் தையல் இயந்திரத்துக்கு நேர் மேலே அவர்களுடைய முன்னறை. அதில் ஆறு மீன்தொட்டிகள். ஆறுக்கும் குமிழி விடுகிற மோட்டார்கள் ராப்பகலாக ஓடும். பதினோரு வருடமாக அந்த உறுமலைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு தைத்ததில், அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மேல்வீட்டுக்காரன் செத்த பிறகு, ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய், காலை பத்தேகாலைத் தாண்டியதும் அது பட்டென்று நின்றுவிடும். நானும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். பத்து நிமிடம் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும்.

மூன்றாவது தடவை நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. மாடியேறிப் போனேன். அவன் மனைவி சுவிட்ச் போர்டுக்கு எதிரே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மீனையெல்லாம் மூச்சு முட்ட விடற?"

அவள் திரும்பவில்லை. "அவரு மாதிரி நின்னு பாக்கறேன். அன்னைக்குக் காலைல நான் அவரைச் சொன்னேன்ல, அதை எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கறேன். சொல்லிட்டுத் தொட்டிகிட்டப் போறேன். கை தன்னால சுவிட்சுக்குப் போகுதா இல்லையான்னு பாக்கறேன்."

"போகுதா?"

"ஒவ்வொரு தடவையும் போகுதுக்கா."

"அப்புறம் என்ன?"

"நான் அவரு இல்லையே. என்னைத்தான் யாரும் அப்படிச் சொல்லலையே."

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. அன்றைக்கு நானே மோட்டார்களைப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அவன் தொழில் மீன்தொட்டி பராமரிப்பு. ஒன்பது வீடு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. இரண்டு வாளி, நீளமான குழாய், பாசி சுரண்டும் தகடு, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கிற மருந்துப் புட்டி, இவ்வளவுதான் அவன் மூட்டை. பாதித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே சூட்டில் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கேட்டால் இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். அவனோ அதை ஆபரேஷன் மாதிரி செய்வான். எந்தத் தொட்டியானாலும் முதல் வேலை, அதிலிருந்து வருகிற பிளக்குகளைப் பிடுங்குவது. ஹீட்டர், ஃபில்டர், மோட்டார், விளக்கு, நான்கு வயர்களையும் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வான். பிளக்குகள் நெஞ்சில் தொங்கும். பிறகு ஹீட்டர் ஆறுவதற்குக் கால் மணி நேரம் சும்மா நிற்பான். சூடாக இருக்கும்போது தண்ணீர் இறங்கிவிட்டால் ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம்.

"ஏன்டா, சுவிட்சை அணைச்சாப் போதாதா? எதுக்கு இந்த வேஷம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"சுவிட்சு சுவத்துல இருக்குக்கா. யாரு கை வேணா எட்டும். பிளக்கு என் தோள்ல இருந்தா எவன் எனக்குக் கரண்ட் குடுப்பான்?"

"அதுசரி. உன்னை எந்தச் சுவத்துல சொருகறதாம்?"

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். மறுநாளே நான் அவனைப் 'பிளக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தேன். என் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் கூப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் தெருவே கூப்பிட்டது. அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் மனைவியைப் 'பிளக்கு பொண்டாட்டி' என்றபோது அவள் முகம் சுண்டியது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. பேச்சு ருசி அப்படி.

அவன் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது வீட்டில் செத்தான். நாலு தெரு தள்ளி இருக்கிற வீடு. கூடத்தில் ஆளுயரத் தொட்டி. கை தோள்வரை தண்ணீருக்குள் இருக்க, கண்ணாடியில் கன்னம் அழுந்திக் கிடந்தானாம். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னான். ஹீட்டர் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. அவ்வளவுதான். மறந்துவிட்டான் என்று முடிந்துபோயிற்று. இவ்வளவு ஜாக்கிரதையான ஆளே மறந்துவிட்டானே என்று நாலு நாள் தெரு வாயைப் பொத்திக்கொண்டது, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

மேல்வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு முடியவில்லை. அங்கே அவனுடைய அக்காவும் இருக்கிறாள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று ஒரு வாழ்க்கை வைத்துக்கொள்ளாதவள். தம்பிக்குக் கல்யாணமான நாளிலிருந்து தம்பி மனைவியோடு ஒத்துப்போனது கிடையாது. இவள் உப்புப் போட்டால் அதிகம் என்பாள், போடாவிட்டால் சப்பென்று என்பாள். அன்று காலையில் நடந்ததையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். தோய்த்து மடித்துவைத்த போர்வைகள்மேல் அவன் ஈரக் குழாயைப் போட்டுவிட்டான். இவளுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "மீனுங்கதானே உனக்கு எல்லாம்? மீனுங்க கூடவே போய்க் கிட" என்று சொல்லிவிட்டாள். எந்த வீட்டில்தான் சொல்லமாட்டார்கள்? அவன் ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பத்து இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"அந்த வார்த்தையைக் காதுல வாங்கிட்டுப் போனவனுக்கு சுவிட்சா ஞாபகம் இருக்கும்?" என்று நாத்தனார் ஒரே ஒரு தடவை கேட்டாள். துக்கம் கேட்க வந்த கூட்டத்துக்கு நடுவில், சத்தம் போடாமல் கேட்டாள். அதற்கப்புறம் அவள் இவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு அடுப்பில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சமைத்தார்கள்.

இவள் அதை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. உள்ளுக்குள் அவளும் அதைத்தான் நம்பினாள். அவன் பார்த்த மற்ற எட்டு வீட்டையும் தானே பார்க்க ஆரம்பித்தாள். அவனோடு இருந்து எல்லாம் பழகியிருந்தாள். மாலையில் என் கடைக்கு வந்து வெட்டுத்துணிகளை மடித்துக்கொண்டே ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பாள்.

"அணைச்சாரா இல்லையாக்கா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"தெரிஞ்சு என்னடி ஆகப்போகுது?"

"நான் அவரைக் கொன்னேனா இல்லையான்னு தெரிஞ்சுரும்ல."

இங்கே என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்துக்கொண்டு கதை சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அவன் சாவதற்கு மூன்று வாரம் முன்னால் அவள் இரண்டு மீட்டர் நீல ரெக்சினோடு கடைக்கு வந்தாள். தொட்டி இருக்கிற வீடுகளில், தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருகிவைத்திருப்பார்கள். அதன் வயர் சுவருக்குள்ளேயே ஓடி எங்கோ ஒரு சுவிட்சில் போய் முடியும். தொட்டியின் நான்கு பிளக்கும் அந்தப் பெட்டியில்தான் சொருகியிருக்கும்.

"பெட்டி மேல தண்ணி தெறிக்குதுக்கா. அதுக்கு உறை தைக்கணும். ஒம்போது."

அளவு பார்த்தேன். வயர் வெளியே வர நாலு சிறு துளை. அடியில் கயிறு கோத்து இறுக்கி முடிச்சு. "இவ்வளவு இறுக்கினா பிளக்கை எப்படிடி பிடுங்குவான்?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

"பிடுங்க வேணாம். சுவிட்சை அணைச்சாப் போதும். எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க. தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு ரெக்சினைத் தடவினாள். "போன வாரம் ஒரு வீட்டுல சின்னப் புள்ளைங்க அவரு பின்னாடியே பிளக்கு பிளக்குன்னு கத்திக்கிட்டு வந்துச்சுங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் கேக்க முடியல."

அந்தப் பேர் யார் வைத்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்னுடைய சாமர்த்தியம் முழுவதையும் காட்டி இரட்டைத் தையல் போட்டேன். ஒன்பது உறையும் கைபட்டால் வழுக்குகிற மாதிரி அழகாக வந்தன. அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "தலகாணி உறை கெட்டுதுக்கா" என்றான்.

அவன் போன ஐந்தாம் நாள் அவள் எட்டு வீட்டிலும் போய் உறைகளை அறுத்துக்கொண்டு வந்து என் வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுவிட்டுப் போனாள். அதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. சுவிட்சைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

ஐந்து மாதம் கழித்து அந்த ஒன்பதாவது வீட்டிலிருந்து போன் வந்தது. அந்த வீட்டுக்கார அம்மாள் ஐம்பது வயதுக்காரி, வயதான அப்பாவோடு இருக்கிறாள். தொட்டித் தண்ணீர் கலங்கி நாறுகிறதாம். அதில் இருப்பது ஒரே மீன், முழ நீளம், அது மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம். வேறு ஆள் யாரும் அந்தத் தொட்டியில் கை வைக்க வரமாட்டேன் என்கிறார்களாம். மீனைக் கொடுத்துவிடலாம் என்றால் அப்பா குழந்தை மாதிரி அழுகிறாராம்.

நாத்தனார் அடுப்படியிலிருந்தே சொன்னாள். "அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது."

"மீன் சாகுது அண்ணி."

"சாகட்டும். என் தம்பியே செத்தான்."

அவள் என்னிடம் வந்தாள். "நீங்க கூட வருவீங்களாக்கா? வேலை ஒண்ணும் வேணாம். சுவிட்ச் போர்டுகிட்ட நின்னாப் போதும்."

நான் பள்ளிக்கூடச் சட்டைகள் இருபதைப் பாதியில் போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அந்தக் கூடத்தில் நுழைந்ததுமே ஒரு வாடை, மூடிவைத்த கிணற்று வாடை. கலங்கிய பச்சைக்குள் கறுப்பாக எதுவோ திரும்பியது. பிறகு கண்ணாடிக்கு வந்து நின்றது. உடம்பெல்லாம் நெருப்புத் திட்டு உள்ள கறுப்பு மீன். அது எங்களைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தது. எந்தக் கை வந்தாலும் அவன் கை என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ, அவள் இடமாக நகர்ந்தால் இடமாக வந்தது, வலமாக நகர்ந்தால் வலமாக வந்தது.

தொட்டிக்குக் கீழே புதுப் பெட்டி வைத்திருந்தார்கள். உறை இல்லை. அவள் குனிந்து நான்கு பிளக்கையும் பிடுங்கினாள். வயர்களைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு நொடி அவனேதான் நின்றான்.

நான் எதிர்ச்சுவரில் சுவிட்சை அணைத்து, அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஹீட்டர் ஆறக் காத்திருந்தாள். குழாயை மேலிருந்து விட்டு அழுக்குத் தண்ணீரை வாளிக்கு இறக்கினாள். கையை மட்டும் தண்ணீரில் வைக்க முடியவில்லை. விரல் நுனி தண்ணீரைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மீன் அந்த இடத்திலேயே மேலே வந்து காத்திருந்தது. அன்றைக்குக் கை வைக்காமலேயே ஊற்றி முடித்தோம்.

வீட்டுக்கார அம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளே நடையின் கோடியில் ஒரு அறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"அப்பா. தூங்கறாரு" என்றாள் அந்த அம்மாள்.

தூங்குகிறவர் எப்படிக் கதவைத் தட்டுவார் என்று கேட்க வாய்வரை வந்தது. இவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்று முதல் மேல்வீட்டு மோட்டார்கள் செவ்வாய்க்கிழமைகளில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை போனபோது அவள் மணிக்கட்டுவரை கை வைத்தாள். திரும்பி வரும்போது நடந்துகொண்டே சொன்னாள். "தண்ணிக்குள்ள கை வச்சா அவரு புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குக்கா. விட மாட்டேங்கறாரு."

"பேத்தாத. மீன் உரசியிருக்கும்."

"மீன் அந்தப் பக்கம் இருந்துச்சு."

அந்த நாலு தெருவும் எனக்கு நீண்டுகொண்டே போயின.

மூன்றாவது செவ்வாய். மழை பெய்து விட்ட காலை. அந்த வீட்டு நடையெல்லாம் ஈரக்கால் தடம். அவள் பிளக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கைவரை கையை விட்டுக் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். "போய்ப் புதுத் தண்ணி புடிச்சுட்டு வாங்கக்கா, நேரமாகுது" என்றாள். அவளே சொல்லவும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சுவிட்சை விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன். வாசலில் யாரோ மணியடிக்க, வீட்டுக்கார அம்மாள் எழுந்து போனாள்.

தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறேன். நடைக்கோடியில் அந்த அறைக் கதவு திறந்து கிடந்தது. தாழை யாரோ சரியாகப் போடவில்லை. கூடத்தில் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்துப் போய்க்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"அடடா, இருட்டா கெடக்கே. மூச்சு முட்டுமே மீனுக்கு."

எதிர்ச்சுவருக்குப் போய் சுவிட்சைப் போட்டார்.

டக் என்ற அந்தச் சத்தத்துக்கு என் கையிலிருந்த வாளி கீழே விழுந்துவிட்டது. அவள் அசையவில்லை. கை முழங்கைவரை தண்ணீரில். நெஞ்சில் நான்கு பிளக்கும் ஆடாமல் தொங்கின. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு விளக்கு வருகிறதா என்று காத்திருந்தார். அணைத்தார். மறுபடி போட்டார்.

"வர மாட்டேங்குதே" என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "நீ யாரும்மா? அந்தத் தம்பி வரலையா?"

அவள் மறு கையால் நெஞ்சில் தொங்கிய பிளக்குகளைப் பற்றிக்கொள்ள, அவரே தொடர்ந்தார்.

"தங்கமான புள்ள. ஆனா வந்ததும் எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுருது. பாவம், மீனு என்ன பண்ணும்? நான்தான் ஒவ்வொரு தடவையும் பின்னாலயே வந்து போட்டு விடுவேன். லைட்டு வரவே வராது. ஒரே ஒரு நாள்தான் வந்துச்சு."

வாசலிலிருந்து மகள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கண்ணால பாக்கலம்மா. சத்தியமா பாக்கல. நான் வந்தப்ப அப்பா இந்த போர்டுகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. லைட்டு வந்துருச்சு லைட்டு வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதை நான் யாருகிட்டயும் சொல்லல. அவருக்கு மறதி வந்து மூணு வருசமாச்சு. என்ன செஞ்சோம்னே அவருக்குத் தெரியாது. என்னை என்ன வேணா சொல்லுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஆறு மாதம் இந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க நினைத்தேன். இவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"லைட்டு வந்துருச்சுன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அப்படின்னா அதுக்கு முன்னாடி அணைஞ்சிருந்துச்சு."

"என்னம்மா?"

"அணைஞ்சிருந்துச்சு. அவரு அணைச்சிருந்தாரு. மறக்கல." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவரு மறக்கல. கேட்டீங்களா? அவரு மறக்கவே இல்லக்கா!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த அம்மாளும் அழுதாள். பெரியவர் எதற்கு இவர்கள் அழுகிறார்கள் என்று தெரியாமல் எல்லோருக்கும் உட்கார இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. சுவிட்சை அணைத்துவிட்டு நான் மறுபடி தண்ணீர் பிடித்து வந்தேன். அவள் மருந்து கலந்து, தட்டில் விழவைத்து மெதுவாக ஊற்றினாள். ஹீட்டர் முழுதும் முங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். கையை உலரத் துடைத்தாள். பிளக்குகளைத் தோளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சொருகினாள். பிறகு பெரியவரைக் கூப்பிட்டாள்.

"இப்பப் போடுங்கய்யா."

அவர் போட்டார். தொட்டி பளிச்சென்று ஒளிர்ந்தது. மீன் சட்டென்று உடம்பை வளைத்து மேலே வந்தது. பெரியவர் கைதட்டினார். "பாத்தியா? இதைத்தான் அந்தத் தம்பிகிட்டயும் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன்யா" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். ஆறு மாதப் பேச்சையும் அந்த நாலு தெருவில் பேசித் தீர்த்தாள். நான் என்ன திட்டினாலும் அவரு வேலையில குறை வைக்கல பாத்தீங்களா, கோவத்தை வாசலோட விட்டுட்டுப் போயிருக்காரு பாத்தீங்களா என்று குதித்துக்கொண்டு வந்தாள். எனக்கு வாளி கனத்தது. பெரியவர் சொன்னதில் அவள் கேட்டது ஒன்று, நான் கேட்டது ஒன்று. ஒவ்வொரு தடவையும் போட்டு விடுவேன், லைட்டு வரவே வராது, ஒரே ஒரு நாள்தான் வந்தது. எத்தனை வருடமாக அந்தக் கிழவர் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார்! அத்தனை தடவையும் அவன் தோளில் பிளக்கு தொங்கியதால் பிழைத்தான். நான் தைத்த உறை அங்கே ஏறிய பிறகு வந்த முதல் முறையில் விளக்கு வந்தது.

படியேறும்போது அவள் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. மேல்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"அண்ணி கேப்பாங்கக்கா" என்றாள். "ஏன் பிளக்கைப் பிடுங்கலன்னு கேப்பாங்க. அவங்களுக்கு உறையைப் பத்தி எதுவும் தெரியாது."

"நீ வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

நாத்தனார் முன்னறையில் தொட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, தட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். பெரியவர், சுவிட்ச், விளக்கு, எல்லாம். "அவரு மறக்கல அண்ணி. அணைச்சுட்டுத்தான் கை வச்சிருக்காரு" என்று முடித்தாள்.

நாத்தனார் நிமிரவில்லை. விரல் மட்டும் அரிசிக்குள் நின்றுபோயிற்று. நான் அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஆறு மோட்டாரும் உறுமின. அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவன் ஏன் பிளக்கைப் பிடுங்கலன்னு நீங்க நெனைக்கலாம்" என்று நானே ஆரம்பித்தேன். "பெட்டிக்கு ஒரு உறை போட்டிருந்துச்சு. பிளக்கைப் பிடுங்க முடியாத மாதிரி. அதை நான்தான் தைச்சேன். யாரும் கேக்கல. நானாத்தான் தைச்சுக் குடுத்தேன். இவ வேணாம்னுதான் சொன்னா."

"அக்கா!" என்றாள் இவள்.

"நீ சும்மா இரு."

நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று இருந்தேன். இல்லை.

"பொய் சொல்லாதீங்க டெய்லரம்மா. உறையை யாரு தைக்கச் சொன்னா, எதுக்குச் சொன்னா, எல்லாம் எனக்குத் தெரியும்."

இவள் முகம் வெளுத்துவிட்டது. நாத்தனார் அவள் பக்கம் திரும்பாமல், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் சாகறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி இங்கதான் வந்து உக்காந்தான். இந்த உறை கைக்கு எடைஞ்சலா இருக்குக்கா, பிளக்கைப் பிடுங்க வரல, எல்லாத்தையும் அவுத்துப் போட்டுறலாம்னு இருக்கேன், இவ மனசு நோகுமேன்னு யோசனையா இருக்குன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

தட்டிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"ஆசையா செஞ்சு குடுத்திருக்காடா, அவுக்காத, அவளும் மனுசிதானேன்னு சொன்னேன். சரிக்கான்னான். நான் சொன்னா அவன் தட்ட மாட்டான்." புடவைத் தலைப்பால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எடுத்தாள். "பதினோரு வருசத்துல இவளுக்காக அவன்கிட்ட நான் பரிஞ்சு பேசுனது அந்த ஒரே ஒரு தடவைதான்."